சக்கரமும் காற்றும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் விளையாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

     

ஆண்டு விழா மேடை என்றால், அங்கே கம்பனும் இளங்கோவும் வந்து அமர்வது வழக்கம். இசையும் கூத்தும் அணி செய்வது வழக்கம். அத்தகைய மேடையில், மிதிவண்டிச் சக்கரத்தையும் அதன்மீது மாட்டும் ஒரு மெல்லிய தகட்டையும் பற்றிப் பேச எங்கள் குழுவைப் பணித்திருக்கிறீர்கள். "இதுவும் ஒரு பொருளா?" என்று சிலர் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம். இச்சிறு பொருளுக்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஒரு பிள்ளையின் ஆர்வமும், நம் சங்கத்தின் கடமை ஒன்றும் அடங்கிக் கிடக்கின்றன.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு தசரா விடுமுறை முடிந்த மறுவாரம், நாங்கள் சிலர் சங்கத்தின் படிப்பறையில் அமர்ந்திருந்தோம். நம் காலனி அன்பர் ஒருவர் உள்ளே வந்தார். இந்தப் பிலாய் ஆலையிலே முப்பது ஆண்டு உழைத்தவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டே உள்ளவர். நாற்காலியில் அமர்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அண்ணா! பையன் ஒரு சக்கரம் கேட்கிறான். வண்டி இல்லை, சக்கரம். அதுவும் ஒன்றே ஒன்று. விலை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்கிறான். வைப்பு நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். 'அது பெண்ணின் படிப்புக்கென்று வைத்த பணமாயிற்றே' என்று அவள் சொல்லிவிட்டாள். நீங்களெல்லாம் இயந்திரம் அறிந்தவர்கள். அந்தச் சக்கரத்திலே அப்படி என்ன இருக்கிறது? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்."

அந்த ஒரு வினாவுக்கு விடை தேடிய கதையே இன்றைய உரை.

அப்பிள்ளை கேட்டது 'தட்டுச் சக்கரம்' எனப்படுவது. நம் சாதாரண மிதிவண்டியின் சக்கரத்தில் கம்பிகள் உண்டு. நாம் சிறுவயதில் ஓட்டிய கறுப்பு வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பியும் பின்சக்கரத்துக்கு 40 கம்பியும் இருந்தது பெரியோர்க்கு நினைவிருக்கும். தட்டுச் சக்கரத்தில் கம்பி ஒன்றும் வெளியே தெரியாது. நடுவிலுள்ள ஹப் முதல் வெளியிலுள்ள ரிம் வரை ஒரே தட்டாக, பழைய காலத்து மரச்சக்கரம்போல மூடியிருக்கும். ஆனால் அது மரமன்று. கார்பன் இழையால் ஆனது. தனியொருவராய்க் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயங்களில், முன்னணி வீரர்களின் பின்சக்கரம் பெரும்பாலும் இவ்வகையினதே.

இதற்கு ஏன் இத்தனை மதிப்பு? விடை காற்றில் இருக்கிறது.

மெல்லச் செல்பவனுக்குக் காற்று தென்றல். விரைந்து செல்பவனுக்கு அதுவே சுவர். விரைவு இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல நாம் செலுத்த வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். முதுகை வளைத்து அமர்ந்து மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஒருவர், காற்றுக்கென்று ஏறத்தாழ 22 வாட் ஆற்றல் செலவிடுகிறார் என்று கொள்வோம். அவரே 36 கிலோமீட்டர் விரைவை எட்டினால் அச்செலவு ஏறத்தாழ 180 வாட் ஆகிவிடும். சமதரையில் விரைந்து ஓட்டுபவரின் உழைப்பில் மிகப் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. டயரின் உராய்வுக்கும் செயினின் தேய்வுக்கும் போவது சிறுபகுதியே.

இப்பொழுது சக்கரத்துக்கு வருவோம். உருளும் சக்கரத்தில் ஒரு விந்தை உண்டு. தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. ஹப் வண்டியின் விரைவில் செல்கிறது. உச்சியோ வண்டியைப்போல் இருமடங்கு விரைவில் முன்னோக்கிப் பாய்கிறது. வண்டி 36 கிலோமீட்டரில் சென்றால் உச்சியிலுள்ள கம்பியின் முனை 72 கிலோமீட்டரை நெருங்கிக் காற்றை வெட்டுகிறது. ஒவ்வொரு கம்பியும் மாறி மாறி மேலே வந்து காற்றைக் கடைந்துவிட்டுப் போகிறது. மத்தினால் மோர் கடைந்தால் கை வலிக்கிறதன்றோ? அவ்வலியே இங்குக் காலுக்கு வருகிறது. கம்பிகளை மூடிவிட்டால் கடைதல் குறைகிறது. காற்று வழவழப்பான தட்டின்மீது வழுக்கிச் செல்கிறது. தட்டுச் சக்கரத்தின் மறைபொருள் இவ்வளவுதான்.

இதனை உலகம் வியந்து கண்டது 1984ஆம் ஆண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு ஓட்ட முடியும் என்பது மிதிவண்டி உலகின் பெரிய வினா. 1972ஆம் ஆண்டு பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். பதினோர் ஆண்டுக்கு மேலாக அதனை எவரும் விஞ்சவில்லை. 1984 சனவரியில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் அதே நகரத்துக்கு வந்தார். அவருடைய வண்டியின் இரு சக்கரங்களும் தட்டுச் சக்கரங்கள். சனவரி 19ஆம் நாள் 50.808 கிலோமீட்டர், நான்கு நாள் கழித்து 51.151 கிலோமீட்டர்! மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் உள்ளதால் அங்கே காற்று மெலிது. எனினும் மெர்க்சும் அங்கேதான் ஓட்டினார். ஆதலால் உலகத்தின் கண் மோசரின் சக்கரங்கள்மீது விழுந்ததில் வியப்பில்லை.

ஆனால் அன்பர்களே, கம்பிகளை மூடுவது 1984இல் பிறந்த அறிவன்று. முதல் உலகப் போரின்போது பறந்த வானூர்திகளின் படங்களைப் பாருங்கள். அவற்றின் சக்கரங்கள் மிதிவண்டிச் சக்கரங்களைப் போலவே கம்பிச் சக்கரங்கள். எனினும் படத்தில் கம்பி தெரிவதில்லை. ஏன்? இருபுறமும் துணியை இழுத்துக் கட்டி மூடியிருப்பர். சக்கரமும் சுமை தாங்கியது. துணியும் காற்றைத் தடுத்தது. அமெரிக்காவில் போன்வில் உப்புவெளியில் பந்தயக் கார்களை ஓட்டியவர்களும் தங்கள் சக்கரங்களின்மீது வழவழப்பான அலுமினியத் தட்டுகளை மாட்டிக் கொண்டனர். ஆகவே, மூடி என்பது தட்டுச் சக்கரத்தின் ஏழைத் தம்பியன்று; மூத்த அண்ணன்!

இன்னுமொன்று. விலை உயர்ந்த தட்டுச் சக்கரங்களிலும் சில வகை, உள்ளே கம்பிச் சக்கரமே. அதன்மீது மெல்லிய கார்பன் தோலை ஆலையிலேயே ஒட்டி விற்கின்றனர். இதை அறிந்தபோது எங்களுக்குள் ஒரு வினா எழுந்தது. ஆலையில் ஒட்டிய தோலுக்கும், நம் கையால் மாட்டும் தகட்டுக்கும் காற்று வேற்றுமை காணுமா? உள்ளே இருப்பது காற்றுக்குத் தெரியாது. அது தொட்டுச் செல்வது மேற்பரப்பை மட்டுமே.

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நல்ல தட்டுச் சக்கரத்தில் டயரும் ரிம்மும் தட்டும் ஒரே வளைவாய் இணைந்திருக்கும். நாம் மாட்டும் மூடியிலோ விளிம்பில் ஒரு சிறு படி இருக்கும். திருகுகளின் தலை தெரியும். ஆகவே மூடி தட்டுச் சக்கரத்துக்கு முற்றும் நிகர் என்று சொல்லமாட்டோம். தட்டு தரும் பயனில் பெரும்பகுதியை மூடி தரும். விலையில் நூற்றில் ஒரு பங்குதான் கேட்கும். இதுவே எங்கள் முடிவு.

இனி, அதனைச் செய்த விதம்.

பையனின் வண்டியிலிருந்து பின்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவரச் செய்தோம். முதலில் கோட்டம் எடுத்தோம். கோணலாய்ச் சுழலும் சக்கரத்தில் மூடி மாட்டினால் அது வண்டிச் சட்டத்தில் உராயும். பிறகு அளவெடுத்தோம். அவ்வண்டியின் பிரேக், ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும் வகை. பிரேக் கட்டை தொடும் பட்டையின்மேல் தகடு ஏறினால் வண்டி நிற்காது. உயிருக்கே இடர் வரும். ஆகவே அப்பட்டைக்கு உட்புறமாகவே தகடு முடிய வேண்டும். அவ்வாறு அளந்ததில் தகட்டின் ஆரம் 300 மில்லிமீட்டர் என வந்தது.

பின்சக்கரத்தின் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதைச் சைக்கிள் கடைக்காரர் எவரும் சொல்வார். வலப்புறம் பல்சக்கரங்கள் அமைய இடம் வேண்டுமாதலால் அப்புறக் கம்பிகள் ஏறக்குறைய நேராய் நிற்கும்; இடப்புறக் கம்பிகள் குடைபோல வெளியே சாய்ந்திருக்கும். எங்கள் அளவில், ரிம்மின் மட்டத்தைவிட நடுப்பகுதி வலப்புறம் 8 மில்லிமீட்டரும் இடப்புறம் 25 மில்லிமீட்டரும் வெளியே தள்ளி நின்றது. தட்டையான தகட்டை இந்தக் கூம்பின்மேல் எப்படிப் பொருத்துவது?

அவ்வேளையில் பையனின் தங்கை அங்கே இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அண்ணனின் சக்கரத்துக்கும் தன் படிப்புக்கும் ஒரே பணம்தான் உண்டு என்பது அவளுக்கும் தெரியும். படிப்பறைக் கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தாள். "மாமா, ஒரு பக்கம் 300, இன்னொரு பக்கம் 25. அப்படியானால் சாய்பக்கம் 301.04. தகட்டை அந்த ஆரத்தில் வெட்டி, வேண்டாத விளிம்பு நீளத்தை எடுத்துவிட்டால் தானாகக் கூம்பாகிவிடும். எடுக்க வேண்டியது ஆறரை மில்லிமீட்டர்தான்" என்றாள். வலப்புறத்துக்குக் கணக்கிட்டபோது ஒரு மில்லிமீட்டர்கூட வரவில்லை. தட்டையாகவே விட்டுவிடலாம். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே ஒரு வெட்டு. அந்த வெட்டின் இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஆறரை மில்லிமீட்டர் ஏற்றி ஒட்டினால் போதும். பித்தாகரசு என்னும் கிரேக்க அறிஞரின் பெயரால் வழங்கும் அத்தேற்றம், நம் காலனிப் படிப்பறையில் ஒரு லட்ச ரூபாயைக் காத்தது.

தையற்காரர் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பதுபோல முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்தோம். பிறகு அரை மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் தகடு வாங்கி வந்தோம். இரு தகடுகளை வட்டமாய் வெட்டி, நடுவில் ஹப்புக்கு இடம் விட்டு, கம்பிகளின் இடைவெளி வழியாக எட்டு இடங்களில் நைலான் திருகுகளால் ஒன்றோடொன்று இணைத்தோம். காற்றடிக்க வால்வு அருகே ஒரு சிறு துளை. அதனை மூட ஒட்டுத்தாள். விளிம்பைச் சுற்றிலும் மின்வேலைக்குப் பயன்படும் கறுப்பு நாடா. இரு தகடுகளின் எடை ஏறத்தாழ 340 கிராம். ஆன செலவு 870 ரூபாய்.

முதல் முயற்சி பழுதாயிற்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வலப்புறத் தகட்டின் நடுத்துளையைச் சிறிதாக வெட்டிவிட்டோம். பையன் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றியதும் செயின் தகட்டைக் கடித்தது. நற்பேறாக அவன் மெல்லச் சென்று கொண்டிருந்தான். பிழை எங்களுடையது. ஆகவே, இதைச் செய்ய விரும்பும் இளைஞர்க்கு ஒன்று சொல்லுகிறோம்: பெரிய பல்சக்கரத்தினும் ஒரு விரற்கடை அகலமாய் அத்துளையை வெட்டுக. வண்டியைக் கவிழ்த்து வைத்து, எல்லாப் பல்சக்கரங்களிலும் செயினை மாற்றி மாற்றிக் கையால் சுழற்றிக் காதுகொடுத்துக் கேட்க. சரசரவென்ற ஒலி சிறிது வந்தாலும் சாலைக்குச் செல்லற்க.

முன்சக்கரத்தில் மூடி மாட்டவே கூடாது. பக்கக் காற்று வீசும்போது மூடிய சக்கரம் பாய்மரம்போல் காற்றை வாங்கிக் கொள்ளும். பின்சக்கரத்தின்மீது உடலின் எடை மிகுதியாக அமைவதாலும், அது திரும்புவதில்லையாதலாலும் ஓரளவு தாங்கும். முன்சக்கரமோ கைப்பிடியோடு திரும்புவது. லாரி ஒன்று கடந்து செல்லும்போது எழும் காற்றே கைப்பிடியைப் பிடுங்கிவிடும். நெடுஞ்சாலையில் அதன் பொருள் என்னவென்று பெற்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பலத்த காற்று வீசும் நாளில் பின்மூடியையும் கழற்றிவிடுவதே அறிவுடைமை.

"சரி, பயன் எவ்வளவு?" என்று கேட்பீர்கள். நாங்களும் அளந்து பார்க்க முயன்றோம். செக்டர்களைச் சுற்றியுள்ள சாலையில், விடியற்காலையில், 10 கிலோமீட்டர் தொலைவை மூடியோடு ஐந்து முறையும் மூடியின்றி ஐந்து முறையும் ஓட்டச் செய்தோம். மூடியில்லாத ஐந்து ஓட்டங்களுக்குள்ளேயே இருபது வினாடிக்கு மேல் வேறுபாடு இருந்தது. ஒருநாள் உறக்கம் போதவில்லை, ஒருநாள் பனி, ஒருநாள் எதிரே பால் வண்டி. ஆகவே எங்கள் கைக்கடிகாரம் மூடியின் பயனைப் பிரித்துக் காட்டவில்லை. "பெரும்பயன் கண்டோம்" என்று மேடையில் சொல்வது எளிது. ஆனால் அது பொய்யாகும்.

எனினும் கணக்கு ஒன்று உண்டு. காற்றின் தடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், அதே உழைப்பில் விரைவு ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு கூடும். 10 கிலோமீட்டரை 1,000 வினாடியில் ஓட்டுபவருக்கு அது மூன்று வினாடி. எங்கள் கடிகாரத்துக்கு அது அகப்படாததில் வியப்பென்ன? ஆனால் 90 கிலோமீட்டரை இரண்டரை மணியில் ஓட்டுபவருக்கு அதுவே அரை நிமிடம். பந்தயத்தில் அரை நிமிடம் சிறிதன்று. 1989ஆம் ஆண்டின் பிரான்சு நாட்டு நெடும்பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு, கிரெக் லெமாண்ட் என்னும் அமெரிக்கர் லோராங் ஃபின்யோன் என்னும் பிரெஞ்சுக்காரரை வென்றது வெறும் 8 வினாடியால்!

அப்பந்தயமே நமக்கு மற்றொரு பாடத்தையும் சொல்கிறது. இறுதி நாளன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனியோட்டம். லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். அன்று ஒரே நாளில் 58 வினாடி மீட்டார். அவருடைய சராசரி விரைவு மணிக்கு 54.545 கிலோமீட்டர். தட்டுச் சக்கரம் இருவரிடமும் இருந்தது. ஆனால் லெமாண்ட், முன்னே நீண்ட கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றி, தோள்களைக் குறுக்கி, தலைக்கவசம் அணிந்து காற்றுக்குள் நுழைந்தார். ஃபின்யோனிடம் அக்கைப்பிடி இல்லை, தலைக்கவசமும் இல்லை, அவருடைய கூந்தல் காற்றில் பறந்தது. ஓட்டத்தின் முடிவை முடிவு செய்தது சக்கரம் மட்டுமன்று.

காற்று தடுக்கும் பொருள்களுள் பெரியது மனித உடலே. மொத்தத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு உடலுடையது. எஞ்சிய கால் பங்குதான் வண்டியுடையது. அக்காலிலும் ஒரு பகுதியே சக்கரங்களுடையது. ஆகவே அப்பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொன்னது மூடியைப் பற்றியன்று. "தம்பி, உன் சட்டை காற்றில் படபடக்கிறது, உடலோடு ஒட்டியதாய் அணிந்து கொள். முழங்கையை உள்ளே இழு. தலையைத் தாழ்த்து, ஆனால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காதே" என்றோம். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. பயனோ மூடியினும் பன்மடங்கு.

அவன் அப்படியே பழகினான். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி ஒன்றில், மூடி மாட்டிய சக்கரத்தோடு 90 கிலோமீட்டர் ஓட்டினான். 2019இல் கோவாவில் தொடங்கிய போட்டியால் நம் நாட்டில் பலருக்கும் அறிமுகமான தொலைவு அது. பதக்கம் பெறவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் முந்தைய ஆண்டைவிட ஆறு நிமிடம் முன்னதாக மிதிவண்டிப் பகுதியை முடித்தான். அந்த ஆறு நிமிடத்தில் மூடிக்கு அரை நிமிடம் கொடுக்கலாம். எஞ்சியது அவன் முதுகும் காலும் ஈட்டியது.

இப்போது கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறோம்.

மூவகைப் போட்டிக்கான உலகக் கழகத்தின் விதிகள், ஒருவர் பின் ஒருவர் ஒட்டிச் செல்லக்கூடாத போட்டிகளில் பின்சக்கர மூடியை ஏற்கின்றன. காற்று பலமாக இருந்தால் நடுவர் அதனை விலக்கவும் உரிமை உண்டு. ஆனால் தனி மிதிவண்டிப் பந்தயங்களை ஆளும் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதி வேறு. காற்றுத் தடையைக் குறைப்பதற்கென்றே வண்டியின்மேல் ஒட்டவோ மாட்டவோ செய்யும் எதனையும் அது ஏற்பதில்லை. தட்டுச் சக்கரத்தைத் தனியோட்டத்திலும் ஓட்டக்களத்திலும் அனுமதிக்கும், மூடியை அனுமதிக்காது. தட்டு சக்கரத்தின் உறுப்பு, மூடி வெறும் போர்வை என்பது அதன் நியாயம். நம் நாட்டுக் கூட்டமைப்பும் அவ்வொன்றியத்தின் உறுப்பாதலால், தேசியப் போட்டிக்கும் அதுவே வழி.

இதனை நாங்கள் அறிந்தது பிந்தித்தான். அப்பிள்ளையின் கனவு தேசியத் தனியோட்டம். மாநிலத் தேர்வுக்குச் செல்லும் முன் விதிநூலைப் படித்தபோது, அவனே மூடியைக் கழற்றிச் சங்கத்தின் மேசைமேல் வைத்தான். "மாமா, இது அங்கே ஆகாது" என்றான். முகத்தில் சோர்வு இருந்தது, சினம் இல்லை. கம்பிச் சக்கரத்தோடே சென்றான். அங்கே அவனைச் சுற்றி நின்ற வண்டிகளில் சில தட்டுச் சக்கரங்களோடு மின்னின. அவற்றின் ஓசையே தனி. முரசு அதிர்வதுபோல் ஒலிக்கும். அவன் தேர்வு பெறவில்லை. சக்கரம் இருந்திருந்தால் பெற்றிருப்பான் என்றும் சொல்வதற்கில்லை. முதலில் வந்தவர்கள் உண்மையிலேயே அவனினும் வலியவர்கள். ஆனால் நூலிழை வேறுபாட்டில் தோற்கும் ஒரு பிள்ளை நாளை நம்மிடையே வருவான், அல்லது வருவாள். அன்று அப்பிள்ளையின் தந்தை மீண்டும் வைப்பு நிதியை எண்ணிப் படிப்பறை நாற்காலியில் அமர வேண்டுமா?

விதியை நாம் பழிக்கவில்லை. விதியின்றி விளையாட்டு இல்லை. வண்டிமேல் எதையும் போர்த்திக்கொள்ளலாம் என்றால், அது மிதிவண்டிப் பந்தயமாய் இராது. போர்வைகளின் பந்தயமாய் முடியும். ஆனால் அவ்விதியின் பயனாக 870 ரூபாய்ப் பொருள் வெளியே நிற்கிறது. லட்ச ரூபாய்ப் பொருள் உள்ளே செல்கிறது. இந்த இடைவெளியைத் தனியொரு குடும்பம் நிரப்ப முடியாது. ஊர் நிரப்பலாம். சங்கம் நிரப்பலாம்.

ஆகவே எங்கள் குழுவின் சார்பில் இரண்டு வேண்டுகோளை இந்த அவையின்முன் வைக்கிறோம்.

முதலாவது: மூடி செய்யும் அட்டை வார்ப்பையும், கோட்டம் எடுக்கும் கருவிகளையும், அளவுக் குறிப்பையும் படிப்பறையில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். விதி இடங்கொடுக்கும் போட்டிக்குச் செல்லும் எந்தப் பிள்ளையும் வந்து, பெரியோர் ஒருவர் துணையோடு, தன் கையாலேயே செய்து கொள்ளலாம். போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் அதன் விதிநூலை முழுதும் படிக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இரண்டாவது: சங்கத்தின் விளையாட்டு நிதியிலிருந்து, ஒரே ஒரு தட்டுச் சக்கரம், பழையதாயினும் பழுதற்றதாய், வாங்கி வைக்க வேண்டும். அது எவருக்கும் சொந்தமன்று, எல்லார்க்கும் சொந்தம். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துச் செல்வதுபோல, தேசிய விதிப்படி ஓட்டப் போகும் பிள்ளை கையொப்பமிட்டு எடுத்துச் செல்லட்டும். பந்தயம் முடிந்ததும் துடைத்துக் கொண்டுவந்து வைக்கட்டும். ஊர்த்தேரின் சக்கரம் எந்த வீட்டுக்குச் சொந்தம்? ஆயினும் வடம் பிடிக்கும் ஒவ்வொருவரும் அதைத் தம்முடையது என்று எண்ணவில்லையா? தாயகத்தை விட்டு இத்தனை தொலைவு வந்து நாம் சங்கம் அமைத்துக் கூடுவது, ஒரு வீட்டால் ஆகாததைப் பல வீடுகள் சேர்ந்து ஆக்குவதற்கன்றோ?

அன்று அந்த அன்பர் கேட்டார்: "அந்தச் சக்கரத்தில் அப்படி என்ன இருக்கிறது?" இன்று விடை சொல்கிறோம். அதில் இருப்பது ஒரு வழவழப்பான மேற்பரப்பு, அவ்வளவே. அதற்காக ஒரு பெண்ணின் படிப்பை விற்க வேண்டுவதில்லை. அவ்வைப்பு நிதி தொடப்படவில்லை. கரும்பலகையில் முக்கோணம் வரைந்த அந்தப் பெண் இவ்வாண்டு பொறியியற் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் அண்ணன் இன்று காலையிலும், நாம் உறங்கிக் கொண்டிருந்தபோது, செக்டர்ச் சாலையில் குனிந்து ஓட்டிக் கொண்டிருந்தான்.

செயற்குழு எங்கள் வேண்டுகோளை வரும் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறோம்.